குடி இல்லாத ஊரவர்: மட்டக்களப்புப் பறங்கியருக்குக் கத்தோலிக்க விசுவாசம் தந்த இடம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் ஒருவரை இன்னார் என்று அறிந்துகொள்ள ஊர்ப் பெயர் போதாது. குடி எனப்படும் குலப்பிரிவும் தெரிய வேண்டும். குடி தாய்வழியாக வருவது. தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை தாயின் குடிக்கே உரியது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் போன்ற பெரிய தலங்களில் திருவிழா உரிமைகளும் மரியாதைகளும் குடிகளின் ஒழுங்குப்படியே நடக்கும். கோயில் நிர்வாகியான வண்ணக்கரின் பதவிக்கும் குடிக்கும் உள்ள உறவை ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. அம்பாறை மாவட்டத்தின் அக்கரைப்பற்றில் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயர்கள் குடிவாரியாக இடம்பெற்ற மரபும் உண்டு.

இந்த ஒழுங்கின் நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் குடி எதுவும் இல்லாத ஒரு சமூகம் இங்கே இருக்கிறது. ஐரோப்பியக் கலப்பு வழியினரான, போர்த்துக்கேயப் பறங்கியர் (ஆங்கிலத்தில் பேகர்) என்று அழைக்கப்படும் அவர்கள் மாவட்டத்தில் சில ஆயிரம் பேர்தான். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி, வீதியில் தமிழ், ஞாயிறு காலையில் திருப்பலி என்று வாழ்ந்தவர்கள். குடியும் காணியும் கோயில் உரிமையுமே ஒரு மனிதனுக்கு இடம் தரும் நிலத்தில், இவை எதுவும் இல்லாத இவர்கள் எதைப் பற்றிக்கொண்டு ஊரவர் ஆனார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றிக்கொண்டு என்பது உடனே வரும் விடை. அது சரியான விடையும்கூட. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் திருவிழா மலருக்கு எழுதிய வாழ்த்துரையாகிவிடும். அதே விசுவாசம்தான் அவர்களுடைய தனித்தன்மையை மெல்ல மெல்லக் கரைத்தும் வந்திருக்கிறது. வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான் கணக்கு சரியாகும். இங்கே தனிமனிதர் வரலாறு எதுவும் இல்லை. சமூகத்தையே நிகழ்வாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து ஆண்டு ஆட்சி

போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். கண்டி அரசனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைக் கைப்பற்றியது 1638இல். மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கொடி பறந்தது ஏறத்தாழ பத்து ஆண்டுகள்தான். கோட்டையில் இருந்த படையினரும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். அப்படியிருக்க, அந்த மொழி 20ஆம் நூற்றாண்டு முழுவதும் இங்கே வீட்டு மொழியாக இருந்தது எப்படி?

ஒல்லாந்தர் காலத்து வீடுகளைப் பார்த்தால் புதிர் கொஞ்சம் அவிழும். ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியர்கள் இலங்கையில் மணந்த பெண்கள் பலரும் போர்த்துக்கேய வழியினர் அல்லது அம்மொழி பேசியவர்கள். அடிமைகளும் வேலைக்காரரும் அதையே பேசினர். ஆட்சியாளரின் டச்சு மொழி அலுவலகத்தோடு நின்றது. அடுப்படியை ஆண்டது போர்த்துக்கேயம். அதனால்தான் மட்டக்களப்பில் அவுட்ஸ்கூர்ன் என்பது போன்ற டச்சு ஒலியுள்ள குடும்பப் பெயரோடு, போர்த்துக்கேய மொழியும் கத்தோலிக்க மதமும் கொண்ட குடும்பங்களைக் காண்கிறோம். பெயர் ஒரு திசை, மொழி ஒரு திசை, மதம் ஒரு திசை. தூய போர்த்துக்கேய இரத்தம் என்ற பேச்சை இந்தப் பெயர்ப் பட்டியல் ஒன்றே கலைத்துவிடும்.

மதத்தின் கதை இன்னும் விசித்திரமானது. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கத்தைத் தடை செய்தவர்கள். 1658இல் போர்த்துக்கேயரிடம் எஞ்சியிருந்த கரையோரப் பகுதிகளும் அவர்கள் கைக்குப் போன பின், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவர்களுடைய எல்லைக்குள் குருக்களே இல்லை. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய பின்னர்தான் மறைவான வழிபாட்டுக்குக் குரு ஒருவர் கிடைத்தார். 1711இல் கண்டியில் இறந்த அவரை 2015 ஜனவரி 14ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். தடை சட்டப்படி நீங்கியது பிரித்தானியர் காலத்தில், ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் பிறப்பித்த ஆணையால். இந்த நீண்ட இடைவெளியில் கத்தோலிக்கனாக இருப்பதால் உத்தியோகமோ சலுகையோ கிடைக்கவில்லை, இழப்புத்தான் இருந்தது. ஆதாயம் தராத ஒன்றை ஒரு சமூகம் விடாமல் வைத்திருந்தால் அது வெறும் பழக்கமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு முடியுமுன் இங்கேயே இறந்தார். மெதடிஸ்தர் இலங்கைப் போர்த்துக்கேயத்தில் வேதாகமப் பகுதிகளையும் பாடல்களையும் அச்சிட்டார்கள். அவ்வளவு முயற்சிக்குப் பிறகும் மட்டக்களப்புப் பறங்கியரில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கராகவே நின்றார்கள்.

இரண்டு சங்கங்கள்

கொழும்பில் 1908இல் டச்சு பேகர் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் சேர விரும்பியவர் தந்தைவழியில் ஒல்லாந்தக் கம்பனியின் ஐரோப்பிய ஊழியர் ஒருவரிலிருந்து வந்ததைக் காட்ட வேண்டும். அதற்காகக் குடும்ப வம்சாவளிகள் திரட்டப்பட்டுச் சங்கத்தின் இதழில் அச்சேறின. இந்த அளவுகோலில் கையால் உழைத்துப் பிழைத்த பறங்கியர் தேறமாட்டார்கள். கொழும்பு மேட்டுக்குடியினர் அவர்களை ‘மெக்கானிக்குகள்’ என்று இளக்காரமாகக் குறிப்பிட்டார்கள். தச்சு, கொல்வேலை, துப்பாக்கி பழுதுபார்த்தல், தையல், சப்பாத்துத் தைத்தல், பிற்காலத்தில் மோட்டார் திருத்தல் இவையே மட்டக்களப்புப் பறங்கியரின் தொழில்கள்.

1920களில் மட்டக்களப்பிலும் ஒரு சங்கம் எழுந்தது. அதன் பெயர் கத்தோலிக்க பேகர் சங்கம். இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த நிகழ்வின் உயிர்நாடி தெரியும். கொழும்பார் தங்கள் வாசலில் தொங்கவிட்டது ஒரு நாட்டின் பெயரை. மட்டக்களப்பார் தொங்கவிட்டது ஒரு திருச்சபையின் பெயரை. முன்னோரை நிரூபிக்கும் காகிதம் இல்லாதவர்களிடம் வேறொரு காகிதம் இருந்தது: பங்குக் கோயிலின், அதாவது அந்தப் பகுதிக் கத்தோலிக்கரின் தேவாலயத்தின், ஞானஸ்நானப் பதிவேடு. அதில் இடம்பெற இரத்தத்தில் எத்தனை பங்கு ஐரோப்பா என்று யாரும் கேட்பதில்லை.

சிங்களம் மட்டும் சட்டம் 1956இல் வந்தபின் கொழும்புப் பறங்கியர் பெரும் எண்ணிக்கையில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை அங்கே நடைமுறையில் இருந்த காலம் அது. ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டக்கூடியவர்களுக்கே வாசல் திறந்தது. வம்சாவளி அச்சிட்ட இதழ் இப்போது பயணப் பத்திரத்துக்கு உதவியது. மட்டக்களப்பில் கறுத்த தோலும் கைத்தொழிலுமாக இருந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினர். தங்கியதால்தான் மொழியும் தங்கியது.

இரண்டு பிள்ளைகள்

இனி ஒரு மாதிரிக் கணக்கு. கற்பனைதான், ஆனால் வடிவம் இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது.

ஒரு பறங்கியப் பெண் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவரை மணக்கிறாள். பிள்ளைக்குத் தந்தையின் தமிழ்ப் பெயர் வரும். பறங்கியக் குடும்பப் பெயர் தந்தைவழியில் செல்வது, ஆகவே அது இல்லை. குடி தாய்வழியில் வருவது; தாய்க்குக் குடி இல்லை, ஆகவே அதுவும் இல்லை. இரு பக்கமும் உறவினர் நிறைந்த வீட்டில் பிறந்த பிள்ளை, இரண்டு கணக்கிலும் வராமல் போகிறது. மறுபுறம், ஒரு பறங்கியன் குடியுள்ள தமிழ்ப் பெண்ணை மணந்தால், பிள்ளைக்குத் தாயின் குடியும் கிடைக்கும், தந்தையின் பறங்கியப் பெயரும் கிடைக்கும். முதற்பிள்ளைக்கு இரண்டும் இல்லை. இரண்டாம் பிள்ளைக்கு இரண்டும் உண்டு. கத்தோலிக்கத் தமிழரிடம் குடி நினைவு தளர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் சம்பந்தம் பேசும் வேளையில் அது எங்கிருந்தோ எழுந்து வந்துவிடும்.

இந்த இரண்டு பிள்ளைகளும் சமமாக நிற்கும் இடம் ஒன்றுதான்: ஞானஸ்நானத் தொட்டி. பதிவேட்டில் இருவருக்கும் ஒரே கட்டங்கள். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை, குருவின் கையொப்பம். ஞானப்பெற்றோர் என்ற உறவு சிறிய விஷயம் அன்று. குடி தரும் உறவுவட்டம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அது உறவினரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழியாகிறது. நன்மை தின்மைக்கு வரவேண்டிய கடமையுள்ளவர்களாக, பறங்கியருக்கு வெளியே உள்ளவர்களும் அதன் மூலம் வீட்டுக்குள் வருகிறார்கள். முதல் நன்மை, உறுதிபூசுதல், நவநாள், கொடியேற்றம், கூடு தூக்கும் பவனி, செப்டம்பரில் ஆயித்தியமலை மாதாவிடம் கால்நடையாகப் போகும் யாத்திரை, நவம்பர் 2ஆம் தேதி சேமக்காலையில் மெழுகுதிரி என்று ஆண்டு முழுவதும் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. கோயில் உரிமை இல்லாதவர்களுக்குத் திருவிழா கிடைத்தது இப்படித்தான்.

திருமண விதியையும் இங்கே பார்க்க வேண்டும். திருச்சபைச் சட்டம் இனம் எது, சாதி எது என்று கேட்பதில்லை. ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்கிறது. கத்தோலிக்கர் இருவர் மணப்பதற்கு இனத்தின் பெயரால் தடை கிடையாது. ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மணக்க விதிவிலக்குப் பெற வேண்டும். இதன் விளைவு என்ன? பறங்கியக் குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டு இந்துத் தமிழரைவிட அடுத்த பங்கின் கத்தோலிக்கத் தமிழர் அருகானவராகிறார். வேலி இனத்தின் ஓரமாகப் போகாமல் மதத்தின் ஓரமாகப் போகிறது. சிறிய சமூகம், உள்ளுக்குள்ளேயே மணமுடிக்கும் வாய்ப்புக் குறைவு. வெளியே போவதற்குத் திருச்சபை திறந்துவைத்த வாசல் கத்தோலிக்கத் தமிழர் பக்கம். அந்த வாசல் வழியே போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழராகவே வாழ்கிறார்கள். இதில் எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. அவரவர் விதிப்படி நல்ல கத்தோலிக்கராக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இலத்தீன் போன பிறகு

1960களின் நடுப்பகுதிவரை திருப்பலி இலத்தீனில் நடந்தது. யாருக்கும் முழுதாக விளங்காத மொழி என்பதால் அது யாருடைய வீட்டு மொழியையும் போட்டிக்கு அழைக்கவில்லை. குருவானவர் பீடத்தில் இலத்தீனில் செபிக்கலாம். பாட்டி இருக்கையில் கிரியோலில் செபிக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. மட்டக்களப்பில் மக்கள் மொழி தமிழ். திருப்பலி, பாடல், மறையுரை, மறைக்கல்வி எல்லாம் தமிழுக்கு வந்தன. உலகம் முழுவதும் கொண்டாடப்பட்ட அந்தச் சீர்திருத்தம், இங்குள்ள மிகச்சிறிய கத்தோலிக்கக் குழுவின் மொழியைச் செபத்திலிருந்தும் வெளியேற்றியது. இதைக் குறையாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. தமிழில் செபிக்கக் கிடைத்த பெரும்பான்மைக்கு அது நியாயமாகச் சேரவேண்டியது. விளைவு விளைவுதான்.

பள்ளிக்கூடமும் அதே காலத்தில் திசை மாறியது. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியிலும் பிற மிஷன் பள்ளிகளிலும் ஆங்கிலத்தின் இடத்தில் தமிழ் வந்தது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள் தமிழ் படித்துத் தமிழில் பிரசங்கம் செய்தார்கள். தச்சும் இரும்பும் தெரிந்த பறங்கியர் ஊரில் அவர்கள் நடத்திய தொழில்நுட்ப நிறுவனம் அந்தக் கைத்திறனைச் சான்றிதழ் உள்ள கல்வியாக்கியது. ஆனால் அங்கே கற்றவர்கள் எல்லாச் சமூகத்தினரும். தொழிலும் இனி ஒரு சமூகத்தின் அடையாளமாக நிற்கவில்லை.

மொழியியலாளர் இயன் சிமித் 1970களில் மட்டக்களப்பில் இந்தக் கிரியோலை ஆராய்ந்தபோதே, அதன் வாக்கிய அமைப்பு தமிழோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. வினைச்சொல் இறுதியில் வருகிறது. வேற்றுமைப் பொருள் பெயருக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது. சொற்கள் போர்த்துக்கேயம், நடை தமிழ். கடந்த பத்தாண்டில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் இங்கும் திருகோணமலையிலும் பேச்சையும் பாடல்களையும் ஒலி, ஒளிப் பதிவாகச் சேகரித்தார்கள். திருமண வீடுகளில் வயலினும் கைப்பறையும் சேர ஆடப்படும் காஃப்ரிஞ்ஞா நடனமும் அந்தப் பதிவுகளில் இருக்கிறது. காப்பகத்துக்குள் போன மொழி அழியாது. ஆனால் காப்பகத்தில் பிள்ளை வளராது.

2004 டிசம்பர் 26

சுனாமி வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டாகக் கிடக்கும் டச்பாரில் பறங்கியக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்தன. அலை அந்தப் பகுதியை வழித்தெடுத்தது. இறந்தவர்களில் கிரியோலைச் சரளமாகப் பேசிய முதியவர்களும் இருந்தார்கள்.

உயிர் தப்பியவர்களுக்கு நடந்ததையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்ற விதி முதலில் வந்தது; பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் உட்பகுதிக் குடியேற்றங்களுக்குப் போய்விட்டன. பக்கத்துப் பக்கத்து முற்றங்களில் தற்செயலாகப் பேசப்பட்டு வந்த மொழிக்கு முற்றம் இல்லாமல் போனது. பங்கு வாழ்க்கையை அவர்கள் அப்படி இழக்கவில்லை. எந்தக் குடியேற்றத்துக்குப் போனாலும் நடந்து போகும் தூரத்தில் ஒரு சிற்றாலயம், அதில் தமிழ்த் திருப்பலி, அதில் தங்களைத் தெரிந்த யாராவது ஒருவர் இருப்பார். இடம்பெயர்ந்தவனுக்கு அடுத்த ஞாயிறே ஓர் ஊர் கிடைத்துவிடுகிறது. மொழிக்கு அந்த வசதி இல்லை.

தேவாலயம் தந்த இடம் ஆபத்தில்லாத இடம் என்று மட்டும் எண்ண வேண்டாம். தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய அமெரிக்கக் குரு யூஜின் ஹீபர்ட் 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கத்தோலிக்கம் அல்லாத சுவிசேஷ சபையான சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகள் பலர் இறந்தார்கள். இவற்றில் எதுவும் பறங்கியரைக் குறிவைத்தது அன்று. ஆனால் அந்த மூன்று துக்கங்களிலும் அவர்கள் அயலவராக நிற்கவில்லை. அழுதவர்களோடு அழுதார்கள். தேவாலயம் தங்களுடையது என்று உரிமை கொண்டாட முடிந்ததைப் போலவே, இழப்பும் தங்களுடையது என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

மதிப்பீடு

கிறிஸ்தவ விசுவாசம் அடையாளம் தருகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். மட்டக்களப்பு நிகழ்வு அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வைக்கிறது. விசுவாசம் ஓர் ஆளுக்கு இடம் தருகிறது. அதை இங்கே ஐயமின்றிக் காண்கிறோம். குடி இல்லாத பெண்ணுக்கும், வம்சாவளி இல்லாத தச்சனுக்கும், வீடிழந்த குடும்பத்துக்கும் அது தந்தது. ஓர் இனக்குழுவைக் குழுவாகவே காத்து வைக்கும் பொறுப்பை மட்டும் அது ஏற்றதில்லை. தடைக்காலத்தில் அப்படிக் காத்ததுபோலத் தோன்றியது. ஏனெனில் அன்று கத்தோலிக்கனாக இருப்பதே சுற்றுச்சுவராக இருந்தது. தடை நீங்கி, பங்குகள் வளர்ந்து, அருகில் அமர்ந்திருப்பவர் தமிழர் ஆனதும் சுவர் தானாக விழுந்தது. யாரையும் வெளியே நிறுத்தாத ஒன்றை வைத்து எல்லை போட முடியாது.

சிலர் இதற்குப் போர்த்துக்கல் பக்கம் திரும்புகிறார்கள். நடனக்குழு, கலாசார விழா, தூதரகம் என்று அந்த உறவு வளர்வது நல்லதே. ஆனால் மேடைக்காக மட்டும் ஆடப்படும் காஃப்ரிஞ்ஞாவைவிட, பிழையோடு பேசப்படும் ஒரு வீட்டு வாக்கியம் மொழிக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். லிஸ்பனுக்குப் புரியும்படி திருத்திய நவீன போர்த்துக்கேயத்தைக் கற்பிப்பதும் கிரியோலைக் காப்பது ஆகாது. தமிழ் நடை ஏறிய அந்தப் பேச்சுத்தான் மட்டக்களப்பினுடையது.

பங்கால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சிறியது. கிரியோலில் திருப்பலி நடத்துவது எளிதல்ல. வழிபாட்டு நூலின் மொழிபெயர்ப்புக்கு ஆயர் பேரவையின் ஒப்புதலும் உரோமையின் உறுதிப்பாடும் வேண்டும். செபமாலைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மே மாதத்திலும் ஒக்டோபரிலும் வீடுவீடாகச் செபமாலை சொல்லும் வழக்கம் இங்குள்ள பங்குகளில் இருக்கிறது. பறங்கியர் வீட்டின் முறை வரும் மாலையில், பத்து மணிகளில் ஒரு பத்தையாவது அந்த வீட்டு முதியவர் தம் மொழியில் முன்மொழிய, வந்திருக்கும் தமிழர் தமிழில் பதில் சொல்லலாம். இதற்குச் சங்கத் தீர்மானமோ நிதியோ தேவையில்லை. பங்கின் அயல்வீட்டுக் குழுவான அன்பியத்தின் இணைப்பாளர் பட்டியல் போடும்போது அந்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுவைத்தால் போதும்.